வீடு தராமல் குடி பெருகாது

கணினி விளையாட்டுகளைப் பற்றி எழுதுவது இந்தப் பக்கத்தின் வழக்கமன்று. ஆயினும் வன்னியின் குடித்தொகை பற்றி இப்போது நடைபெறும் விவாதங்களைப் படிக்கும்போதெல்லாம், இளைஞர்கள் ஆடும் ஒரு விளையாட்டே நினைவுக்கு வருகின்றது. தனியொருவர் உருவாக்கி 2014இல் வெளியிட்ட 'பேனிஷ்ட்' என்பது அதன் பெயர். 'துரத்தப்பட்டோர்' என்று தமிழில் சொல்லலாம். வன்னியைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டியதில்லை.

ஊரைவிட்டு விரட்டப்பட்ட சில குடும்பங்கள் காட்டுக்குள் மத்தியகாலக் கிராமம் ஒன்றை அமைக்கவேண்டும். அந்த விளையாட்டில் போர் இல்லை, காசு இல்லை. மனிதரே செல்வம். புதிதாக ஆடுவோர் பலர், களஞ்சியத்தில் உணவும் விறகும் நிறைந்துவிட்டால் மக்கள் தாமாகவே பெருகுவர் என எண்ணி, வீடு கட்டுவதைத் தள்ளிப்போடுகின்றனர். வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருடனேயே தங்கிவிடுகின்றனர்; தனிவீடு இல்லாமையால் புதுக்குடும்பம் உருவாவதில்லை. முதியோர் ஒவ்வொருவராக மறைய, வயலில் இறங்க ஆளின்றி, நிறைந்த களஞ்சியமும் வெறுமையாகி ஊர் அழிகின்றது. ஒரே வீச்சில் வீடுகளைக் கட்டிக் குவித்தாலும் ஆபத்துத்தான். ஒரே வயதினர் ஒன்றாகக் குடியேறி ஒன்றாகவே முதுமையடைவர். ஆண்டுதோறும் சில வீடுகள், அவற்றில் இளந்தம்பதிகள் என்பதே தேர்ந்தோர் கைக்கொள்ளும் வழி.

இந்த விதி வன்னி மண்ணில் பலமுறை பரீட்சிக்கப்பட்டது. குளங்கள் தூர்ந்து, மலேரியா சூழ்ந்து, ஆளரவமற்றுக் கிடந்த நிலப்பரப்பில் இரணைமடுக்குளத்தின் வேலைகள் 1902இல் தொடங்கின. யாழ்ப்பாணத்தின் நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் குடியேற்றத் திட்டமாகக் கிளிநொச்சி நகர் உருவானது 1936இல். அதற்கு முந்திய ஆண்டில்தான் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்திருந்தது. சுதந்திரத்தின் பின் வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று நீர்ப்பாசனத் திட்டங்கள் தொடர்ந்தன. விசுவமடுப் பக்கம் படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் அந்த இளைஞரின் கையில் காசைப் புரளவிட்டன. குளமும் காணியும் சந்தையும் சேர்ந்து வந்ததனாலேயே மக்கள் வந்தனர், வந்தவர்கள் நிலைத்தனர்.

விளையாட்டில் அவ்வப்போது நாடோடிகள் ஊர்வாசலில் வந்து நிற்பர். அவர்களை ஏற்பதா மறுப்பதா என்பதை ஆடுபவர் தீர்மானிக்கவேண்டும். வன்னியின் வாசலிலும் அவ்வாறு ஒரு கூட்டம் வந்து நின்றது. 1958, 1977, 1983 வன்செயல்கள் மலையகத் தமிழரை வடக்கு நோக்கித் துரத்தின. வவுனியாப் பகுதியில் காந்தீயம் அமைப்பு அவர்களுள் பலரைக் குடியமர்த்தியது. அதன் தூண்களில் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். வன்னியின் காடுவெட்டியோரிலும் வயலில் கூலிக்கு இறங்கியோரிலும் கணிசமானோர் இம்மக்களே. ஆனால் அவர்கள் திருத்திய நிலத்துக்கு அவர்கள் பெயரில் பத்திரம் கிடைத்ததா? பலருக்குக் கிடைக்கவில்லை. அவர்களின் உழைப்பை ஏற்றுக்கொண்ட நாம் அவர்களின் உரிமையை ஏற்கத் தயங்கினோம். இதற்குக் கொழும்பை மாத்திரம் குறைகூறித் தப்பிக்கமுடியாது.

இனி எண்களுக்கு வருவோம். 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தின் குடித்தொகை ஏறத்தாழ 77 ஆயிரம். 2012இல் ஏறத்தாழ 92 ஆயிரம். இந்த 31 ஆண்டுகளில் நாட்டின் குடித்தொகை மூன்றிலொரு பங்குக்கும் மேலாகக் கூடியது. முல்லைத்தீவில் ஐந்திலொரு பங்கே கூடியது. போரும் சாவும் வெளியேற்றமும் அந்த இடைவெளிக்குள் புதைந்து கிடக்கின்றன.

2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் குடித்தொகை மிகக் குறைந்த மாவட்டம் முல்லைத்தீவுதான். எனினும் அது 1 இலட்சத்து 22 ஆயிரத்தை எட்டியிருக்கின்றது. நாட்டிலேயே மிக வேகமாக வளரும் மாவட்டமும் அதுவே. அருகிலுள்ள வவுனியாவோ அசையாமல் நிற்கின்றது. இதைக் கண்டு சிலர் மகிழ்கின்றனர். வெலிஓயாக் குடியேற்றங்களும் இதற்குள் அடங்குகின்றனவே என்று சிலர் அஞ்சுகின்றனர். தமிழ்க் குடும்பங்கள் கூடுதலாகப் பிள்ளை பெறவேண்டும் என்று மேடையில் உபதேசிப்போரும் உளர்.

உபதேசம் செய்வோரிடம் ஒன்று கேட்கவேண்டும். பிள்ளை பிறந்தால் எங்கே வளர்வது?

தலைகளை எண்ணுவது வேறு, குடிகளை எண்ணுவது வேறு. 2009இல் வவுனியாவின் மெனிக்பாம் முகாமில் இரண்டரை இலட்சம் பேருக்கு மேல் அடைக்கப்பட்டிருந்தனர். வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் வன்னியில் அத்தனை நெருக்கமான குடியிருப்பு வேறெங்கும் இருந்ததில்லை. அதை ஊர் என்று எவராவது சொல்வாரா? 2012 செப்டம்பரில் அது மூடப்பட்டபோது மக்கள் தேடியது தம் பெயரிலுள்ள ஒரு துண்டு நிலத்தை.

அந்த நிலத்தில்தான் சிக்கல் இருக்கின்றது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கொடுக்கப்படும் காணியைக் குறித்த அளவுக்குக் கீழே துண்டாட முடியாது. காணி துண்டுதுண்டாகி விவசாயம் நலியக்கூடாது என்ற நோக்கம் நல்லதே. ஆனால் நான்கு பிள்ளைகள் உள்ள குடியேற்றக்காரரின் காணி ஒருவரிடம் போக, மற்ற மூவரும் காணியற்றோர் ஆகின்றனர். பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்றிருந்த விதி 2022இல்தான் திருத்தப்பட்டது. பெண்தலைமைக் குடும்பங்கள் நிறைந்த ஒரு பிரதேசத்துக்கு அத்திருத்தம் போருக்குப் பின் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்து வந்தது.

காணியற்ற அந்த மூவருக்கும் புதுக்காணி தர இடமில்லையா என்றால், இருக்கின்றது. மக்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை மண்டிய பழைய ஊர்க்காணிகள் பலவற்றை வனத்திணைக்களம் காடென்று எல்லையிட்டு வைத்திருக்கின்றது. படையினர் பிடித்த காணிக்காகக் கேப்பாப்புலவு மக்கள் 2017இல் வீதியோரம் அமர்ந்ததை நாம் கண்டோம். 2025 மார்ச்சில் வடக்கில் ஏறத்தாழ 6 ஆயிரம் ஏக்கருக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் வரவேண்டும் என்று வர்த்தமானி வெளியானது. போரில் உறுதிப்பத்திரங்களை இழந்தோர் எதைக்கொண்டு வருவர்? எதிர்ப்புக் கிளம்பிய பின்னர் அது மீளப்பெறப்பட்டது.

விளையாட்டு சொல்லித்தராத பாடம் இதுதான். அதன் காடு எவருக்கும் சொந்தமில்லாதது. வெட்டினால் நிலம், கட்டினால் வீடு. வன்னியிலோ ஒவ்வொரு பற்றைக்கும் பின்னால் ஒரு கிணறும் ஒரு குடும்பத்தின் பெயரும் இருக்கின்றன.

ஆகவே, குடித்தொகையைப் பற்றிக் கவலைப்படும் அரசியல்வாதிகள் பிரசவ விடுதிக்குப் போகுமுன் பிரதேச செயலகத்துக்குப் போகட்டும். ஒவ்வொரு பிரிவிலும் இளந்தம்பதிகளுக்கென ஆண்டுதோறும் காணிக் கச்சேரி நடத்தப்படவேண்டும். ஒரே தடவையில் ஆயிரம் பேருக்கு வழங்கிப் படம்பிடிப்பதைவிட ஆண்டுக்கு நூறு பேருக்குத் தவறாது வழங்குவது நன்று. பத்திரத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இடம்பெறவேண்டும். மூன்று தலைமுறையாகப் பிறர் வயலில் உழைக்கும் மலையகக் குடும்பங்கள் பட்டியலின் முதல் வரிசையில் வரவேண்டும். சிறுபோகத்தில் வாய்க்காலின் கடைசி வயலுக்கும் நீர் எட்டவேண்டும்.

புலம்பெயர்ந்தோரின் பணமும் இந்தத் திசையில் திரும்பலாம். கோயில் கோபுரங்கள் உயர்ந்தது போதும். கிணறும் வேலியும் சிறு வீடும் ஒரு தம்பதியை ஊரில் நிறுத்திவைக்கும். நிறுத்தத் தவறினால், அந்த இளைஞன் கட்டுநாயக்காவில் விமானம் ஏறுவான். அடுத்த கணக்கெடுப்பில் அவனுடன் அவனுக்குப் பிறக்கவிருந்த பிள்ளைகளும் சேர்த்தே கழிக்கப்படுவர்.