அரிப்பு நின்னா மட்டும் போதுமா?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப சித்தி ஒரு டியூபைக் கொண்டாந்து கையில குடுத்துச்சு. பாதி நசுங்கி, அடியில இருந்து சுருட்டிச் சுருட்டி வெச்சிருந்த டியூபு.

"நீதான் இங்கிலீசு படிப்பியே தம்பி, இதுல என்ன போட்ருக்குன்னு பாத்துச் சொல்லு. ஒரு வருசமா போடுறேன். போட்டா நின்னுருது, விட்டா திரும்ப வந்துருது."

எங்க பரளச்சிப் பக்கம் அரிப்பைப் பத்தி யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. கரிசக்காட்டு வெயில்ல பருத்தி எடுக்கணும், மல்லி புடுங்கணும், அது இல்லாத மாசம் சீமைக்கருவேலம் வெட்டி கரிமூட்டம் போடணும். ஒரு வேர்வை காயறதுக்குள்ள அடுத்த வேர்வை. பொம்பளைங்களுக்கு பாவாடை நாடா இறுக்குற எடத்துல வட்ட வட்டமா படர்தாமரை. வெக்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் காட்டமாட்டாங்க. அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறி தோல் டாக்டரைப் பாக்கணும்னா ஒரு நாள் கூலி போச்சு. அதனால நேரா மெடிக்கலுக்குப் போயி "அரிப்புக்கு ஒரு களிம்பு குடுங்க"ன்னு கேக்குறது. அவுங்களும் குடுக்குறது.

டியூபுல மூணு பேரு இருந்துச்சு. குளோபெட்டசால், மைக்கோனசோல், நியோமைசின். அதாவது ஒரு ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆண்டிபயாடிக். "எதுக்குன்னு தெரியலையா, மூணையும் கலந்து அடி" கூட்டணி.

பொட்டி தட்டுறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பாத்தாலும் "இதை யாரு டெஸ்ட் பண்ணா, எப்படிப் பண்ணா"ன்னு கேக்கத் தோணும். அன்னிக்கு ராத்திரி மொட்டைமாடியில படுத்துக்கிட்டே மொபைல்ல அதைத்தான் தோண்டிக்கிட்டு இருந்தேன். அப்ப கெடச்ச சமாச்சாரம்தான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லீங்கோ. டாக்டர் பதிவர்கள் யாராச்சும் தப்பு கண்டுபுடிச்சா தயங்காம குட்டுங்க.

அரிப்புக்களிம்பை டெஸ்ட் பண்ண என்ன செய்றாங்க தெரியுமா? ஒரு நோயும் இல்லாத நல்ல ஆளாப் பாத்துப் புடிச்சு, சம்மதம் வாங்கிக்கிட்டு, முன்னங்கையில வேணும்னே அரிப்பை உண்டாக்குறாங்க. அப்புறம் களிம்பைத் தடவிட்டு "இப்ப எவ்வளவு அரிக்குது, பூச்சியத்துல இருந்து பத்துக்குள்ள சொல்லு"ன்னு நிமிசத்துக்கு நிமிசம் கேட்டு எழுதிக்கிறாங்க. (எங்க டீம்ல சில பேர் இந்த வேலையக் களிம்பு இல்லாமலே செய்வாங்க. அது தனிப்பதிவு.)

அரிப்பை உண்டாக்க ரெண்டு வழி பிரபலம். ஒண்ணு ஹிஸ்டமின். கொசு கடிச்சாப்புல தடிக்கும், சுத்தி செவக்கும், அரிக்கும். ரெண்டாவது வழியைப் படிச்சப்ப எழுந்து உக்காந்துட்டேன். பூனைக்காலி! நம்ம நாட்டு மருந்துக்கடையில விதை விக்குமே, அதே பூனைக்காலிதான். அதோட காய் மேல இருக்குற சொணை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ஏழாப்பு படிக்கிறப்ப ஒரு பய மலையடிவாரத்துல இருந்த மாமா வீட்டுக்குப் போயிட்டு வர்றப்ப ரெண்டு காயைக் காகிதத்துல பொதிஞ்சு எடுத்துட்டு வந்தான். பெஞ்சுல தடவி விட்டான். ரெண்டு பீரியடுக்கு வகுப்பே நடக்கல. வாத்தியாரும் ஆட்டத்துல சேந்துக்கிட்டாரு. தண்ணி ஊத்திக் கழுவுனா இன்னும் பரவுச்சு, தேங்கா எண்ணெய் தேச்சா அடங்குச்சு, அதுவும் எங்களுக்குத் தோணுனதுதான். எண்ணெயினால அடங்குச்சா, தானா அடங்குச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இந்த வரியை மனசுல வெச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

அந்த சொணைக்குள்ள என்ன இருக்குன்னு 1955-ல அமெரிக்காவுல ஷெல்லி, ஆர்தர்னு ரெண்டு பேர் ஆராய்ஞ்சாங்க. அது ஹிஸ்டமின் இல்ல, புரதத்தை அறுக்குற ஒரு என்சைம்னு சொல்லி 'மியூகுனைன்'னு பேர் வெச்சாங்க. அதுக்கப்புறம் ஐம்பது வருசத்துக்கும் மேல கழிச்சு, 2008-ல லாமோட், லெர்னர் இருந்த குழு அந்த என்சைம் நம்ம தோல்ல எந்தக் கதவைத் தட்டுதுன்னு கண்டுபுடிச்சுச்சு. அதுக்கு முந்தின வருசம், 2007-ல, இன்னொரு குழு ஆரோக்கியமான ஆளுங்க தோல்ல ஹிஸ்டமினை அடக்குற டாக்செபின் களிம்பைத் தடவிட்டு ரெண்டு அரிப்பையும் உண்டாக்கிப் பாத்தாங்க. ஹிஸ்டமின் அரிப்பு போயிடுச்சு. பூனைக்காலி அரிப்பு அசையவே இல்ல.

அதாவது அரிப்புன்னு நாம ஒரே வார்த்தையில சொல்றது உள்ளுக்குள்ள ஒரே ரோடு இல்ல. குறைஞ்சது ரெண்டு தனித்தனி வழி. நாள்பட்ட தோல் அரிப்பு நிறையப் பேருக்கு அலர்ஜி மாத்திரைக்கு ஏன் மசிய மாட்டேங்குதுன்னு இப்பப் புரியுதுங்களா? அதைக் கண்டுபுடிக்க நோயாளிகளைப் படுத்த வேண்டியிருக்கல. சும்மா இருந்த நாலு நல்ல மனுசங்க கையை நீட்டுனது போதுமா இருந்துச்சு.

2013-ல யோசிபோவிச் குழு பண்ணது எனக்கு ரொம்பப் புடிச்ச சோதனை. 32 ஆரோக்கியமான ஆளுங்க, பூனைக்காலி சொணை, நாலு களிம்பு. 4 சதவீத ஸ்ட்ரான்ஷியம் குளோரைடு ஜெல், 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன், 2 சதவீத டைபென்ஹைட்ரமின், அப்புறம் மருந்தே இல்லாத வெறும் ஜெல். ஸ்ட்ரான்ஷியம் மத்த மூணையும் விட அரிப்பையும் கொறச்சுச்சு, நேரத்தையும் கொறச்சுச்சு. நமக்கு ஸ்ட்ரான்ஷியம்னா தீபாவளி செவப்பு மத்தாப்புதான். அதை விடுங்க. அந்த நாலாவது ஆளைப் பாருங்க, மருந்தே இல்லாத வெறும் ஜெல்லு. அவன் இல்லாட்டி மத்த மூணு பேரோட மார்க்குக்கு அர்த்தமே இல்ல. தடவுன குளிர்ச்சிக்கே பாதி அரிப்பு போகும், தடவியாச்சுங்கற நிம்மதிக்கு மீதி போகும், பூனைக்காலி அரிப்பு கொஞ்ச நேரத்துல தானாவே போகும். எங்க ஏழாப்பு தேங்கா எண்ணெய்ச் சோதனையில இல்லாம போனது அந்த நாலாவது ஆள்தான்.

"வெட்டிப்பய வேலை, சொறியறதுக்கெல்லாம் ஆராய்ச்சியா"ன்னு என் ரூம்மேட் கேட்டான். இல்ல மாப்ள. இதுல பாதிக்கப்படறவன் நல்லா இருக்குறவன், சம்மதிச்சு வர்றவன், கொஞ்ச நேரத்துல சரியாயிடுறவன். காசு வாங்கிட்டுத்தான் வருவான், காசுக்காக வர்றது முழு சம்மதமான்னு கேட்டா அதுவும் நியாயமான கேள்விதான். ஆனா அவனுக்கு ஒரு காகிதம் இருக்கு. நம்ம நாட்டுல 2019-ல வந்த மருந்து சோதனை விதிகள்படி, சோதனையால அடிபட்டா வைத்தியமும் நஷ்டஈடும் குடுக்கணும். 2009-ல இருந்து சோதனைகளை அரசாங்கப் பதிவேட்டுல முன்கூட்டியே பதியணும். வெவகாரமானா கேக்க ஒரு எடம் இருக்கு.

இப்ப சித்திக்கு வருவோம்.

சித்தியும் ஒரு வருசமா முன்னங்கைக்குப் பதிலா இடுப்புல சோதனை பண்ணிக்கிட்டுத்தான் இருக்கு. ஆரோக்கியமான தோல்ல இல்ல, பூஞ்சை இருக்குற தோல்ல. சம்மதப் பத்திரம் கெடையாது, கணக்கு எழுத ஆள் கெடையாது, வெறும் ஜெல் கெடையாது. ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கு, அரிப்பு நின்னுச்சா இல்லையா. அந்த அளவுகோல்படி அந்தக் களிம்பு நூத்துக்கு நூறு பாஸு!

நான் சண்டை போடுறது இந்த எடத்துலதான். ஆரோக்கியமான கையில அரிப்பு நின்னா மேட்டர் முடிஞ்சுது, ஏன்னா அங்க அரிப்பைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. நோயுள்ள தோல்ல அரிப்புங்கறது உள்ள ஏதோ நடக்குதுன்னு வர்ற அலர்ட். குளோபெட்டசால் என்ன பண்ணுது? பூஞ்சையோட சண்டை போடுற நம்ம உடம்போட படையை உக்காரச் சொல்லுது. சண்டை நின்னா செவப்பு போகும், அரிப்பு போகும். பூஞ்சை ஜாலியா வீடு கட்டும். எங்க பொழப்புல சொல்லணும்னா, சர்வர் தீப்புடிச்சு எரியுது, நாம அலர்ட் மெயிலை மட்டும் ம்யூட் பண்ணிட்டு ஆணி புடுங்கப் போயிட்டோம். ஸ்டீராய்டு போட்டு உருமாறிப்போன படர்தாமரைக்கு 1968-லயே இங்கிலாந்து டாக்டர்கள் 'மாறுவேசப் படர்தாமரை'ங்கற அர்த்தத்துல பேர் வெச்சுட்டாங்க. புது விஷயமே இல்ல.

குளோபெட்டசால் சாமானியப்பட்ட ஆளும் இல்ல. ஸ்டீராய்டு களிம்புகள்ல உச்ச வரிசை. அந்த வரிசையே நல்ல ஆளுங்க முன்னங்கையில தடவி, தோல் எவ்வளவு வெளுக்குதுன்னு பாத்துப் போட்டதுதான், 1962-ல மெக்கன்சியும் ஸ்டவுட்டனும் ஆரம்பிச்ச முறை. தொடர்ந்து ரெண்டு வாரத்துக்கு மேல வேண்டாம், வாரத்துக்கு 50 கிராமைத் தாண்ட வேண்டாம்னு அமெரிக்காவுல அதோட குறிப்புலயே போட்டிருக்கு. சித்தி போட்டது ஒரு வருசம். இடுப்புத் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆயி, வரி வரியா விழுந்து, தாமரை முதுகு வரைக்கும் ஏறியிருந்துச்சு.

அரசாங்கம் சும்மா இருந்துச்சுன்னு சொல்லமாட்டேன். வெளிப்பூச்சுங்கற சலுகையில சீட்டு இல்லாம வித்துக்கிட்டிருந்த 14 ஸ்டீராய்டுகளை 2018-ல ஷெட்யூல் எச் உள்ள கொண்டாந்தாங்க. அதே வருசம் தடை பண்ண 328 கூட்டு மருந்துகள்ல இதே சாயல்ல இருந்த தோல் களிம்புகளும் உண்டு. தோல் டாக்டர்கள் சங்கமும் வருசக்கணக்கா கத்துது. ஆனா சட்டம் அருப்புக்கோட்டை ரோட்டுல எறங்கி கெழக்க வர்றதுக்குள்ள டயர் பஞ்சராயிடுது போல.

இதுக்கு நடுவுல பூஞ்சை சும்மா இருக்கல. டெர்பினஃபைன் மருந்துக்கு மசியாத ஒரு வகை நம்ம பக்கமெல்லாம் பரவி, 2020-ல ஜப்பான்காரங்க அதுக்கு 'ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே'ன்னு பேரே வெச்சாங்க. பேருலயே நாம இருக்கோம், பெருமைதான். 2023-ல நியூயார்க்ல ரெண்டு பேருக்கு வந்ததா அறிவிச்சாங்க, அதுல ஒருத்தர் வெளிநாடே போகாதவர். இது வளர்றதுல ஸ்டீராய்டு கலந்த களிம்புக்குப் பங்கு உண்டுன்னு தோல் மருத்துவர்கள் பலர் சந்தேகப்படுறாங்க.

அதனால நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்லீங்க. ஒரு அரிப்புக்களிம்பை விக்கணும்னா மொதல்ல நல்ல கையில காட்டு, வெறும் ஜெல்லை விட ஒசத்தின்னு. அப்புறம் நோயுள்ள தோல்ல காட்டு. அதுலயும் தடவுனப்ப நின்னுச்சான்னு மட்டும் எழுதாத, நிறுத்தி ரெண்டு மாசம் கழிச்சு என்ன ஆச்சுன்னு எழுது. முதல் பரீட்சைக்கேத்த ஒத்தைக் கேள்வியை மட்டும் வெச்சுக்கிட்டு ரெண்டாவது பரீட்சைக்கும் மார்க் போட்டுக்குற கதைதான் இப்ப நடக்குது. யூனிட் டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னு ப்ரொடக்ஷன்ல தள்ளிட்டு வீட்டுக்குப் போற டெவலப்பரை நாங்க என்ன பாடு படுத்துவோம்!

சித்தியை மறுநாளே அருப்புக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனேன். தோல் டாக்டர் டியூபைப் பாத்துட்டு ஒண்ணும் பேசல, மேசையில குப்புற வெச்சுட்டாரு. மாத்திரை எழுதிக் குடுத்தாரு. வீட்டுல யாருக்கெல்லாம் இருக்கோ எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு, துணியை நல்ல வெயில்ல காயப்போடச் சொன்னாரு. களிம்பை நிறுத்துனா மொதல்ல கொஞ்ச நாள் அரிப்பு கூடத்தான் செய்யும், பொறுத்துக்கணும்னாரு.

கூடுச்சு. நாலாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு சித்தி போன் போட்டுச்சு.

"நீ சொன்னேன்னுதான் நிறுத்துனேன். கண்ணு பொத்த முடியல. உனக்கென்ன, மெட்ராஸ்ல ஏசியில உக்காந்து படிச்சுட்டுச் சொல்லிட்ட. இங்க சொறியறது யாரு?"

பதில் சொல்லத் தெரியல. வேப்பெலைத் தண்ணி ஊத்திக்கவா, தேங்கா எண்ணெய் தேச்சுக்கவான்னு கேட்டுச்சு. டாக்டர் குடுத்ததைத் தவிர எதையும் தடவாத சித்தின்னு மட்டும் சொன்னேன். இப்ப அஞ்சாவது வாரம் ஓடுது. முதுகுல இருந்து எறங்கிருச்சாம், இடுப்புல இன்னும் இருக்காம். பழைய டியூபைக் குப்பையில போட்டியான்னு கேட்டா, "போட்டேன் போட்டேன்"னு ரெண்டு தடவை சொல்லுது. ரெண்டு தடவை சொன்னா போடலன்னு அர்த்தம்.