வீட்டுத் தோட்டம்: விதை இஞ்சியைத் தின்னாதீர்கள்!

இஞ்சி இல்லாத சமையலறை உண்டா? துவையலுக்கு இஞ்சி, நீர்மோருக்கு இஞ்சி, அஜீரணம் என்றால் இஞ்சிச் சாறு. 2023-ஆம் ஆண்டு கிலோ 200 ரூபாயைத் தாண்டி விலை ஏறியபோது, விரல் நீளத் துண்டைக்கூட யோசித்து யோசித்து நறுக்கினோம் அல்லவா?

"ஒரகடத்தில் வாடகை வீடு. மண்ணுக்கு எங்கே போவது? அடுத்த வருஷம் எந்த ஊரோ!" என்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துச் சகோதரிகள் கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம்; இஞ்சிக்கு எட்டு மாதம் போதும். வைகாசியில் நட்டால் தையில் தோண்டலாம். பால்கனியில் ஒரு தொட்டிக்கு இடம் இருந்தால் சரி.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதையொட்டி இந்த வட்டாரத்துக்குக் கொரியக் குடும்பங்களும் வந்தன. அவர்களுக்கும் இஞ்சி அன்றாடப் பண்டம். கிம்ச்சி ஊறுகாயில் அது சேரும். ஆனால் கொரியாவோ பனி கொட்டும் தேசம். குளிர் மிஞ்சினால் இஞ்சிக் கிழங்கு அழுகிவிடும். ஆகவே வசந்தத்தில் நட்டு, உறைபனி விழுமுன் தோண்டிவிடுகிறார்கள். அப்படியானால் அடுத்த வருஷத்து விதையை எங்கே வைப்பது?

வான்ஜு என்ற வட்டாரத்தார் ஒரு யுக்தி கண்டார்கள். கொரியாவில் அடுப்பின் அனலைத் தரைக்கு அடியில் செலுத்தி வீட்டைக் கதகதப்பாக்குவது பழைய வழக்கம். அந்தத் தரைக்குக் கீழே குழி தோண்டி, விதை இஞ்சியை அதில் பத்திரப்படுத்தினார்கள். மனிதரும் இஞ்சியும் ஒரே அடுப்பில் குளிர் காய்ந்தார்கள்! 2019-ல் அந்நாட்டு அரசு இந்த இஞ்சி விவசாய முறையைத் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நமக்கு அந்தச் சிரமம் இல்லை. சூடு வேண்டிய மட்டும் இருக்கிறது. நாம் கொடுக்க வேண்டியது நிழல்.

கடையில் வாங்கும்போதே சுருங்காத, கொழுத்த, கண் உள்ள கிழங்காகப் பொறுக்குங்கள். ஈர மணலில் புதைத்து நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளை தலை காட்டும். முளை உள்ள துண்டாக, இரண்டு அங்குல நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். இஞ்சி பக்கவாட்டில் படரும். ஆகையால் தொட்டி ஆழத்தைவிட அகலமாக இருப்பது நல்லது. செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சமபாகம். முளை மேல்நோக்கி இருக்க, இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். காலை வெயில் மட்டும் படும் இடமே உத்தமம். மண்ணின்மேல் காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் காயாது.

ஐப்பசி மழையில்தான் ஜாக்கிரதை தேவை. தொட்டியின் அடித் துவாரம் அடைபட்டுத் தண்ணீர் தேங்கினால் தண்டின் அடி கொழகொழத்து, இலை மஞ்சளாகி, செடி சாய்ந்துவிடும். அப்படிப்பட்ட செடியை மண்ணோடு அகற்றுங்கள். அந்த மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் மழைக்காலத்தில் எடுத்துவிடுங்கள்.

தீபாவளி லேகியத்துக்கு, செடியைப் பிடுங்காமலே ஓரத்து மண்ணை விலக்கி ஒரு துண்டு இளசாக ஒடித்துக்கொள்ளலாம். பொங்கல் சமயத்தில் இலை பழுத்து உலர ஆரம்பிக்கும். அப்போது முழுக் கிழங்கையும் தோண்டலாம்.

இங்கேதான் நம்மில் பலர் ஏமாந்து போகிறோம். வந்த இஞ்சி அத்தனையும் துவையலும் மொரப்பாவுமாகத் தீர்ந்துவிடுகிறது. வைகாசியில் மறுபடி கடைக்கு ஓடுகிறோம். தோண்டியவுடனே, சமையலறைக்குள் போகுமுன், காயம் படாத நல்ல கிழங்கை விதைக்கென்று எடுத்து வைத்துவிடுங்கள். அங்கே குளிர் அழுகச் செய்யும்; இங்கே கோடை வற்றச் செய்யும். ஒரு மண்சட்டியில் உலர்ந்த மணலிட்டு, கிழங்கைப் புதைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். மாதம் ஒருமுறை பார்த்து, கெட்டதை அகற்றுங்கள்.

வீடு மாற நேர்ந்தாலும் பாதகமில்லை. சட்டி சாமானோடு சாமானாக வந்துவிடும். புறப்படுமுன் அடுத்த வீட்டு அம்மாளுக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் விதை கெட்டாலும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?