"கவர்மெண்டு வேல நிச்சயமா?" – பார்மசி படிக்க விரும்பும் மாணவர்களுக்கு

எஸ்டிபிஎம் தேர்வு முடிவுகள் வெளிவந்த வாரத்தில் ஒரு மாலை, காஜாங்கில் நான் பணிபுரியும் மருந்தகத்திற்கு ஒரு தந்தையும் மகளும் வந்தார்கள். மருந்து வாங்க வரவில்லை. மகளுக்குப் பார்மசி படிக்க ஆசை. தந்தைக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "தம்பி, இத படிச்சா கவர்மெண்டு வேல நிச்சயமா கிடைக்குமா?"

'நிச்சயம்' என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் முகம் வாடியது. லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தையும் கல்விக் கடனையும் நம்பி மகளை அனுப்பப் போகிறவருக்கு, அந்த ஒரு சொல் எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். இப்படிக் கேட்கும் பெற்றோர் பலர். அதனால் அன்று அவர்களிடம் சொன்னதையும் சொல்ல நேரமில்லாமல் போனதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் பட்டம் பெற்ற 2008-ஆம் ஆண்டில் இந்தக் கேள்வியே எழவில்லை. 2004 முதல் பார்மசி பட்டதாரிகளுக்குக் கட்டாய அரசுச் சேவை நடப்பில் இருந்தது. படித்து முடித்த கையோடு இடம் காத்திருந்தது. சபாவா, சரவாக்கா, சிலாங்கூரா என்பதுதான் எங்கள் கவலை. வேலை உண்டா இல்லையா என்று யாரும் கவலைப்படவில்லை.

நிலைமை மாறியதற்குக் காரணம் எளிமையானது. 1972-இல் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம்தான் இந்நாட்டில் முதன்முதலாகப் பார்மசி கற்பிக்கத் தொடங்கியது. 1990-களில் தேசியப் பல்கலைக்கழகமும் மலாயாப் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டன. அதன்பின் தனியார் பல்கலைக்கழகங்கள் பெருகின. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டும் புக்கிட் ஜாலில், பண்டார் சன்வே, செமினி என்று திரும்பிய பக்கமெல்லாம் பார்மசி படிக்கலாம். பட்டதாரிகள் பெருகிய வேகத்தில் அரசாங்கத்தின் நிரந்தரப் பணியிடங்கள் பெருகவில்லை.

விளைவு, 2016-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள், பல் மருத்துவர்கள், மருந்தாளர்கள் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டனர். 2021 ஜூலை 26-ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றதை நாடே பார்த்தது. அதே ஒப்பந்தச் சிக்கலில்தான் இளம் மருந்தாளர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. நிரந்தரப் பணி கிடைத்தாலும், 2024 பிப்ரவரி முதல் புதிதாக நியமனம் பெறுவோருக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது; ஊழியர் சேமநிதிதான்.

ஆகவே, மாணவர்களே, 'கவர்மெண்டு வேலை, கடைசிவரை பென்ஷன்' என்ற கணக்கை மட்டும் வைத்து இந்தத் துறைக்கு வராதீர்கள். அந்தக் கணக்கு நம் அப்பா காலத்தில் சரியாக இருந்தது. இப்போது பொருந்தவில்லை.

அப்படியானால் பார்மசி வேண்டாமா? அதையும் நான் சொல்லமாட்டேன். காரணம் அன்று மாலையே என் கவுண்டருக்கு வந்தது.

தந்தையும் மகளும் நின்றுகொண்டிருக்கும்போதே, சுங்கை சுவாவிலிருந்து ஓர் அம்மா பிளாஸ்டிக் பை நிறைய மருந்தோடு வந்தார். "காலையில எழுந்தா வேர்க்குது, கை நடுங்குது, தல சுத்துது. பித்தமா இருக்கும் தம்பி, ஒரு மருந்து குடுங்க" என்றார். பையைக் கொட்டிப் பார்த்தேன். அரசாங்க கிளினிக்கில் கொடுத்த கிளிக்லசைட் ஒரு பொட்டலம். வீட்டுக்கு அருகிலுள்ள தனியார் கிளினிக்கில் வாங்கிய டையாமைக்ரான் இன்னொரு பெட்டி. இரண்டும் ஒரே மருந்து. முன்னது மருந்தின் பெயர், பின்னது வணிகப் பெயர். அவர் இரண்டையும் விடாமல் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

அது பித்தம் அன்று. இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருந்தது. சோதித்துப் பார்த்தோம், இனிப்பு பானம் கொடுத்து உட்கார வைத்தோம், கிளினிக்கிற்குக் கடிதம் எழுதி அனுப்பினோம். இன்னும் சில நாள் அப்படியே விட்டிருந்தால் குளியலறையில் மயங்கி விழுந்திருப்பார். அந்த மாணவி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது நம் வீட்டுக் கதை. 2019-இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இன்சுலின் இருக்கிறது. அலமாரியில் மருந்துப் பை இருக்கிறது. அதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று தமிழில் விளக்கத்தான் பல இடங்களில் ஆள் இல்லை.

என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முதலாண்டுப் பயிற்சியின்போது ஓர் அரசாங்க மருத்துவமனையில் நூற்றுக்கணக்கானோர் எண் சீட்டோடு காத்திருந்தனர். மூச்சிரைப்பு நோய் உள்ள ஒரு தமிழ்ப் பெரியவருக்கு, கருவியில் போட்டு உள்ளிழுக்க வேண்டிய கேப்சூலைக் கொடுத்தேன். அவசரத்தில், எல்லோருக்கும் சொல்வதுபோல் மலாயிலேயே விளக்கிவிட்டேன். அவர் தலையாட்டினார். அடுத்த மாதம் வந்தபோதுதான் தெரிந்தது, அத்தனை கேப்சூலையும் தண்ணீர் விட்டு விழுங்கியிருக்கிறார். பெரிய ஆபத்து எதுவும் நேரவில்லை. ஆனால் ஒரு மாதம் அவர் மூச்சுக்குத் தவித்தார். தமிழ் தெரிந்த நான் தமிழில் இரண்டு நிமிடம் பேசியிருக்க வேண்டும். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அன்றுமுதல் நான் நம்புவதில்லை. "எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேட்ட பிறகே மருந்தைக் கையில் கொடுக்கிறேன்.

இந்தப் படிப்பு எங்கெல்லாம் கொண்டுபோகும் என்பதையும் பார்ப்போம்.

மருத்துவமனைப் பணி என்றால் சன்னலோரம் நின்று மருந்து கொடுப்பது மட்டும் இல்லை. புற்றுநோய் மருந்தை அளந்து கலப்பதும், வார்டில் மருத்துவரோடு சேர்ந்து அளவைச் சரிபார்ப்பதும், நீரிழிவு, ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஆலோசனை கிளினிக் நடத்துவதும் மருந்தாளர்கள்தான்.

அடுத்தது, என்னைப் போல் தனியார் மருந்தகம். 1952-ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டப்படி, சில வகை மருந்துகளை உரிமம் பெற்ற மருந்தாளர் இல்லாமல் கடையில் விற்க முடியாது. அதனால் இங்கு வேலை இருக்கிறது. சிரமமும் இருக்கிறது. வார இறுதி, இரவு பத்து மணி என்று ஷிப்ட் வரும். சில இடங்களில் சத்து மாத்திரை விற்பனைக்கு இலக்கு வைப்பார்கள். தென் கொரியாவில் 2000-ஆம் ஆண்டிலேயே மருத்துவர் சீட்டு எழுதவும் மருந்தாளர் மருந்து கொடுக்கவும் என்று பணி பிரிக்கப்பட்டது. நம் நாட்டில் தனியார் கிளினிக் மருத்துவரே மருந்தும் கொடுக்கிறார். எனவே நம் படிப்பு முழுவதும் பயன்படாமல் போகும் நாள்களும் உண்டு. 2025 மே முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்தின் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டமாகியுள்ளது. விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் மக்கள் மருந்தாளரிடம் இன்னும் அதிகமாகக் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

மூன்றாவது, தொழிற்சாலை. காஜாங்கிற்குப் பக்கத்திலேயே, பாங்கியில் பார்மாநியாகாவின் தொழிற்சாலை உள்ளது. டுவோபார்மாவுக்குக் கிள்ளானில் ஆலை இருக்கிறது. மருந்து தயாரிப்பு, தரக் கட்டுப்பாடு, புதிய மருந்தைப் பதிவு செய்யும் ஆவணப் பணி என்று அங்கே தனி உலகமே உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், போலி மருந்துகளைப் பறிமுதல் செய்யும் அமலாக்கப் பிரிவு, புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுத் துறை, விரிவுரையாளர் பணி ஆகியவையும் இந்தப் பட்டத்திற்குத் திறந்திருக்கும் கதவுகள்.

இனி, விண்ணப்பிக்கும் முன் கவனிக்க வேண்டியவை.

முதலாவது, நீங்கள் சேரப்போகும் பட்டப்படிப்பு மலேசிய பார்மசி வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். முகவர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டில் படிக்கச் செல்வோருக்கு இது இன்னும் முக்கியம்.

இரண்டாவது, டிப்ளோமா வேறு, பட்டம் வேறு. பார்மசி டிப்ளோமா முடித்தால் உதவி மருந்தக அதிகாரி ஆகலாம். அதுவும் நல்ல பணிதான். ஆனால் மருந்தாளராகப் பதிவு பெற நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு, ஓராண்டுப் பயிற்சி, சட்டத் தேர்வு ஆகிய மூன்றும் வேண்டும். பயிற்சியைத் தனியார் மருந்தகத்திலும் தொழிற்சாலையிலும் செய்ய இப்போது வழி உண்டு.

மூன்றாவது, கடனைக் கணக்குப் போடுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள். தனியாரில் சேர்வதானால், நிரந்தர வேலை உடனே கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, மாதா மாதம் எவ்வளவு திருப்பிச் செலுத்த முடியும் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள்.

நான்காவது, உங்கள் வட்டாரத்தில் ஒரு மருந்தகத்திற்குச் சென்று, விடுமுறையில் சில நாள் இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். வேதியியலில் 'ஏ' எடுப்பவர்கள் எல்லாருக்கும் மனிதர்களிடம் பேசப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பேசப் பிடிக்காவிட்டாலும் தொழிற்சாலையும் ஆய்வுக்கூடமும் உண்டு. ஆனால் அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் படித்த மாணவர்களுக்கு இன்னொன்று. 'உணவுக்கு முன்', 'உணவுக்குப் பின்', 'வெறும் வயிற்றில்' என்ற சொற்கள் உங்கள் வாயில் இயல்பாக வருகின்றன. இந்தத் துறையில் அது ஒரு மூதாட்டியை மருத்துவமனைக்குப் போகாமல் காப்பாற்றும் திறமை. அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

அன்று புறப்படும்போது அந்தத் தந்தை இன்னும் யோசனையில்தான் இருந்தார். நானும் அவருக்கு எந்த உறுதியும் கொடுக்கவில்லை. மகள் மட்டும் திரும்பி வந்து, "அங்கிள், அந்தப் பாட்டிக்கு ரெண்டு மருந்தும் ஒண்ணுதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். வேலை நிச்சயமா என்ற கேள்விக்கு முன்னால், இந்தக் கேள்வி உங்களுக்குள் எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் துணிந்து விண்ணப்பியுங்கள்.