பாஸ்காப் பண்டிகையின் பாடம்

எகிப்தில் அடிமைகளாய்ச் செங்கல் அறுத்த முன்னோர் விடுதலை பெற்ற கதையை யூத மக்கள் ஆண்டுதோறும் பாஸ்கா இரவில் நினைவுகூர்கிறார்கள். புளிக்காத அப்பம், அவசரமாகப் புறப்பட்டதன் அடையாளம். கசப்புக் கீரை, அடிமை வாழ்வின் அடையாளம். தானே எகிப்திலிருந்து வெளியேறியதாக ஒவ்வொருவரும் எண்ண வேண்டும் என்பது மரபு. மூதாதையர் பூமியான ஜெருசலேமில் அடுத்த ஆண்டு கூடும் ஆசையோடு விருந்து முடிகிறது.

கொச்சியில் 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தாரும் இப்பண்டிகையைக் கொண்டாடியவர்களே. ஆனால் அங்கே நடந்தது என்ன? விடுவிக்கப்பட்ட அடிமைகளின் சந்ததிக்கு அந்த ஜெபாலயத்தில் சம இடம் இல்லை!

அந்தச் சந்ததியில் பிறந்தவர் ஏ. பி. சேலம். சென்னையில் சட்டம் படித்தவர். தொழிற்சங்க இயக்கத்தின் ஆதரவாளர். ஜெபாலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். 1930-களின் நடுவில் பழைய தடைகள் தகரலாயின.

1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறினர். சேலம் அவர்களுக்கு உதவினார். தாம் கொச்சியிலேயே தங்கி 1967-இல் மறைந்தார். தாயகக் கனவு பலித்தது, உண்மை. ஆனால் அதே மண்ணில் 1948-இல் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனியர் ஊரும் வீடும் இழந்தனர் என்பதும் உண்மை.

அடிமைப்பட்டதை நினைவில் வைப்பது எதற்காக? தான் மீண்டபின் பிறரை வாசலில் நிறுத்தாதிருக்க அல்லவா?

கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1976-இல். அதன் பிறகும் திருவள்ளூர் செங்கல் சூளைகளிலிருந்து மக்கள் மீட்கப்பட்டிருக்கிறார்கள். எண்ணூரிலும் மணலியிலும் நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று ஒப்பந்தத் தொழிலாளி அதே வேலையைச் செய்கிறான். நமது சங்கக் கூட்டத்தில் அவனுக்கு எந்த வரிசை? நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்!