பின் அச்சுக்கு ஒரு பூட்டு போதும்

ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் நாலு சக்கரமும் எந்நேரமும் சேர்ந்து இழுக்கும் என்றுதான் வாங்குபவர்களில் பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுக்கத்தான் அச்சின் நடுவே டிஃபரென்ஷியல் இருக்கிறது. தார்ச்சாலையில் அது இல்லாமல் ஆகாது. கரடுமுரடான பாதையிலோ அதுவே காலை வாரிவிடும். இரு பக்கமும் சம அளவு விசையைக் கொடுப்பதுதான் அதன் இயல்பு. எனவே, பிடிப்பிழந்த சக்கரம் வெறுமனே சுற்ற எவ்வளவு குறைந்த விசை போதுமோ, மறுபக்கத்துக்கும் அவ்வளவுதான் போய்ச் சேரும். மழைநீர் அரித்த பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கையில் முன்பக்க இடது சக்கரமும் பின்பக்க வலது சக்கரமும் தரையை விட்டு எழும்பினால், அந்த இரண்டும் அந்தரத்தில் சுற்றும். தரையில் ஊன்றியிருக்கும் மற்ற இரண்டும் அசையாது. டிஃப் லாக் இந்தச் சிக்கலுக்கான மருந்து. ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் பிணைத்து, ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே தீர வேண்டும் என்று ஆக்கிவிடும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. நம் ஊர் டிராக்டர்களில் ஓட்டுநரின் குதிகாலுக்கு எட்டும்படி டிஃப் லாக் பெடல் இருக்கும். வயலில் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு அதை அமுக்குவார்; வண்டி மேலேறியதும் காலை எடுத்துவிடுவார். உழவுக்கு இது வேண்டுமா என்று யாரும் விவாதிப்பதில்லை. மலையேறும், ஆறு கடக்கும் என்று விளம்பரம் செய்து விற்கும் வண்டிகளில் மட்டும் இது ஏன் அபூர்வம்? ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு அச்சுக்கும் ஓட்டுநரே போட்டுக்கொள்ளும் பூட்டு உண்டு. 2024-ல் வந்த தார் ராக்ஸின் ஃபோர் வீல் டிரைவ் வகையில் பின் அச்சுக்கு மின்பூட்டு தந்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய தாரில் சில வகைகளுக்கு மட்டும் தானியங்கிப் பூட்டு. 2023-ல் இந்தியாவுக்கு வந்த ஜிம்னியில் பூட்டே இல்லை, பிரேக்கை வைத்துச் சமாளிக்கும் ஏற்பாடுதான். ஃபோர் வீல் டிரைவ் என்ற பெயரில் விற்கும் எந்த வண்டியிலும், ஓட்டுநர் விரும்பும்போது போட்டு விரும்பும்போது எடுக்கும் பின் அச்சுப் பூட்டைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தர வேண்டும் என்பது என் வாதம்.

பிரேக் ஏற்பாடே போதாதா என்று கேட்பார்கள். வெறுமனே சுற்றும் சக்கரத்தை மட்டும் ஏபிஎஸ் பம்ப் பிடித்து நிறுத்தும். விசை மறுபக்கம் போகும். சுமார் 1,200 கிலோ எடையுள்ள ஜிம்னி போன்ற வண்டிக்கு இது பெருமளவு போதும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சக்கரம் முதலில் சுற்ற வேண்டும், பிறகுதான் பிரேக் விழித்துக்கொள்ளும். சேற்றில் அந்த ஒரு நொடிச் சுழற்சியே குழியை இன்னும் ஆழமாகத் தோண்டிவிடும். இன்ஜின் தரும் விசையில் ஒரு பங்கு பிரேக்கில் சூடாக வீணாகும்; நீண்ட ஏற்றத்தில் அந்தச் சூடு கூடிக்கொண்டே போகும். தானியங்கிப் பூட்டுக்கும் இதே குறை உண்டு: இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்த பிறகே ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். பள்ளத்தைப் பார்த்தவுடனேயே, சக்கரம் வழுக்கும் முன்பே பூட்டைப் போட்டுக்கொள்ளும் ஓட்டுநருக்கோ ஆக்ஸிலரேட்டரை மிதித்துத் தள்ள வேண்டிய அவசியமே வராது. லோ கியரில் வண்டி ஊர்ந்து ஏறும். பாதையும் குறைவாகவே சிதையும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புகளைக் காட்டி, அவற்றில் என்ன பூட்டு இருக்கிறது என்று மடக்குவார்கள். பெரும்பாலும் இல்லைதான். அந்த ஓட்டுநர்கள் தினமும் அதே பாதையில், எந்தக் கல்லின் மேல் எந்தச் சக்கரத்தை ஏற்ற வேண்டும் என்று தெரிந்து ஓட்டுகிறார்கள். வாரக் கடைசியில் பழக்கமில்லாத பாதைக்குப் போகிறவரிடம் அந்த அறிவு இல்லை. அதேசமயம் அந்த ஜீப்புகள் சொல்லும் உண்மையையும் மறைக்கக் கூடாது: பூட்டு பிடிப்பை உண்டாக்காது, இருக்கும் பிடிப்பைப் பயன்படுத்தவே உதவும். தேய்ந்த டயருக்குப் பூட்டு மாற்று ஆகாது. மணலில் சிக்கினால் முதல் வேலை டயர் காற்றை 30 பிஎஸ்ஐ-யிலிருந்து 18-க்கு இறக்குவது. அதற்குச் செலவே இல்லை.

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. பூட்டிய வண்டி திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். தார்ச்சாலையில் பூட்டோடு ஓட்டினால் டயர் தேயும், அச்சு முறுக்கேறும். இதைவிட மோசமானது, மழையில் நனைந்த பக்கச்சரிவுப் பாதை. பூட்டில்லாத அச்சில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும். பூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து வழுக்கி, வண்டியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி இறங்கும். அதனால்தான் ‘ஓட்டுநர் விரும்பும்போது எடுக்கும்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, பட்டறையில் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாமே? போடலாம், போடுகிறார்கள். ஆனால் அதற்கு ஹவுசிங்கைப் பிரித்து, கிரவுனும் பினியனும் கடித்து ஓடும் இடைவெளியை மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுக்குத் துல்லியமாக, ஷிம் வைத்து மறுபடி அமைக்க வேண்டும். அது தவறினால் வண்டி ஊளையிடும். கொஞ்ச நாளில் பல் போகும். காற்றழுத்தப் பூட்டு என்றால் கம்ப்ரசரும் குழாயும் சீலும் கூடுதல் வேலை. வாரண்டி பேச்சு அத்தோடு முடிந்தது. தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். அச்சுக்குள் மறைந்திருக்கும் பூட்டு ஆர்சி விவரத்தை மாற்றாது என்று வாதாடலாம். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்க யார் விரும்புவார்கள்?

முன் அச்சுக்கும் பூட்டு வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பூட்டில்லாத அச்சில் ஒரு பக்கத் தண்டு பாதி விசையைத்தான் தாங்கும். பூட்டினால் மொத்தமும் ஒரே தண்டில் இறங்கலாம். அதுவும் ஸ்டீயரிங் வளைந்திருக்கும்போது முன் சக்கர மூட்டுதான் முதலில் உடையும். கோவாவில் ஜூலை மழையில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிக்குப் போகிறவர்கள், உடைந்தால் மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டோடு அதைப் போடட்டும். குடும்பத்தோடு மலைக்குப் போகிறவர்களுக்குப் பின் அச்சுப் பூட்டு ஒன்றே போதும்.