நிலவுப் பயணத்தில் அதிர்ஷ்டத்தை நம்பலாமா?

1972 ஆகஸ்டு மாதத்தில் சூரியனிலிருந்து மிகக் கடுமையான துகள் புயல் ஒன்று கிளம்பியது. அப்பல்லோ 16 ஏப்ரலிலேயே பூமிக்குத் திரும்பியிருந்தது. அப்பல்லோ 17 டிசம்பரில்தான் புறப்பட்டது. அந்த நாளில் நிலவில் யாராவது நடந்துகொண்டிருந்தால் கதிர்வீச்சு நோய்க்கு ஆளாகியிருக்கக்கூடும். அன்று நாட்காட்டிதான் காப்பாற்றியது என்பேன். அடுத்த தலைமுறைப் பயணங்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் போதுமா?

நிலவு என்றாலே நம் பேச்சு ராக்கெட்டோடு நின்றுவிடுகிறது. பாதுகாப்பு பற்றிக் கேட்டால், "சுவரைத் தடிமனாக்கினால் ஆயிற்று" என்பார்கள் நண்பர்கள். ஆகாது. எடை கூடக் கூட, அதைத் தூக்கும் எரிபொருளும் கூடும். அதோடு, அதிவேகத் துகள்கள் கனமான உலோகத்தில் மோதினால் புதிய துகள்கள் தெறித்து உள்ளே பாயும். ஹைட்ரஜன் நிறைந்த தண்ணீரும் பாலித்தீனும் எடைக்கு எடை உலோகத்தைவிட நன்றாகத் தடுக்கும். ஆமாம், கடையில் பொருள் போட்டுத் தரும் பையின் அதே பாலித்தீன்தான்!

2022 நவம்பரில் ஆட்கள் இல்லாமல் பறந்த ஆர்ட்டெமிஸ் 1 பயணத்தில் ஹெல்கா, ஸோஹர் என்ற இரண்டு பொம்மைகள் சென்றன. ஸோஹருக்கு மட்டும் பாதுகாப்பு அங்கி அணிவித்திருந்தார்கள். இரண்டும் பெண் உடலமைப்பைக் கொண்டவை. கதிர்வீச்சு பெண்களைக் கூடுதலாகப் பாதிக்கக்கூடியது. அப்பல்லோவில் பறந்தவர்களோ அனைவரும் ஆண்கள். பொம்மைக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில்.

அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் வேறு. பூமியைச் சூழ்ந்துள்ள வான் ஆலன் கதிர்வீச்சு வளையத்தைக் கடக்கும்போது ஓரியன் விண்கலம் 90 பாகை திரும்பியது. உள்ளே பதிவான கதிர்வீச்சின் வீதம் பாதியாகக் குறைந்தது. ஒரு கிராம் எடையும் கூடவில்லை! சூரியப் புயல் வந்தால், உள்ளிருப்பவர்கள் பொருட்கள் வைத்த பைகளையே தங்களைச் சுற்றி அடுக்கி ஒதுங்க வேண்டும் என்பதும் ஓரியனின் ஏற்பாடு. விண்வெளித் துறைக்கு விமானிகள் மட்டும்தான் தேவை என்று நினைக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேதியியல், மருத்துவம், கணினி எல்லாவற்றுக்கும் அங்கே வேலை இருக்கிறது.

ஆனால், எச்சரிக்கை முன்கூட்டியே வந்தால்தான் இவை பயன்படும். வேகமான துகள்கள் சூரியனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வந்து சேர முடியும். எனவே, சூரியனைக் கண்காணிக்கும் செயற்கைக்கோள்களுக்கும் முன்கணிப்பு ஆய்வுக்கும் ராக்கெட்டுக்கு நிகரான முக்கியத்துவம் தர வேண்டும் என்பது என் கருத்து. பைகளை அடுக்கவும் நேரம் வேண்டுமே.