சக்கரமும் சவுக்கையும் இருந்தால் நாடாகிவிடுமா?

திருவிதாங்கூர் தனி நாடாம். 1947-இல் டெல்லி அதை விழுங்கியதாம். 1956-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, அதன் ஊரான செங்கோட்டை தன் நாட்டையே பறிகொடுத்ததாம். எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். சொந்த நாணயமான சக்கரம், சொந்த அஞ்சல், சொந்தப் படை, எல்லையில் சவுக்கை எனும் சோதனைச் சாவடி என்று சான்றுகளை அடுக்குகிறார். அந்தச் சான்றுகளில் பாதி செல்லாமல் போன இடம், பிரிட்டிஷ் சீமையில் இருந்த எங்கள் மேலகரம்.

அஞ்சல் தலையையே எடுத்துக்கொள்வோம். செங்கோட்டையில் வாங்கிய தலையை ஒட்டி மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்துக்குக் கடிதம் போடலாம். பக்கத்தில் கிடக்கும் மேலகரத்துக்குப் போட முடியாது. அதற்கு பிரிட்டிஷ் தலை வேண்டும். நாணயமும் அப்படித்தான்: இருபத்தெட்டரைச் சக்கரம் எண்ணி வைத்தால் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். மகாராஜாவுக்கு எத்தனை மரியாதைக் குண்டு முழங்கலாம் என்பதையும் வெள்ளைக்காரனே நிர்ணயித்தான்: 19. அப்படியானால் 21 குண்டு வாங்கிய மைசூரும் ஐதராபாத்தும் இரண்டு குண்டு அதிகமான நாடுகளா?

சவுக்கைக்கு வருவோம். 2020-இல் இ-பாஸ் இல்லாமல் கேரள எல்லையிலுள்ள புளியறையைத் தாண்ட முடியவில்லை. கேரளம் அன்று தனி நாடாகி, பிறகு மனம் மாறித் திரும்பிவிட்டது போலிருக்கிறது.

படை இருந்தது, உண்மை. ஆனால் 1805 உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாயைக் கம்பெனிக்குக் கட்டியது எதற்கு? கம்பெனிப் பட்டாளத்துக்குத் தீனி போட. எதிர்த்து நின்ற வேலுத்தம்பி தளவாய் 1809-இல் உயிரை விட்டார். இரண்டே ஆண்டில் கம்பெனியின் ரெசிடென்ட் கர்னல் மன்றோ, திவான் நாற்காலியிலும் தானே உட்கார்ந்துகொண்டார். அந்நியன் அனுப்பிய ஆளே முதன்மந்திரியாகவும் இருக்கும் இடத்துக்கு நாடு என்று பெயர் வைக்கக் கட்டுரையாளருக்குக் கூச்சமில்லை. பின்னாளில் திருவிதாங்கூர் படை துப்பாக்கி தூக்கியதை நாம் மறக்கவில்லை. 1946 அக்டோபரில், புன்னப்புரா வயலாரில், சொந்தக் குடிகளின் மீது.

அறுபது லட்சம் மக்கள்தொகை என்கிறார். உத்தரப் பிரதேசத்தில் இருபது கோடிக்கும் மேல், அது மாநிலம்தான். பத்தாயிரம் சொச்சம் பேர் வாழும் துவாலு 2000-இல் ஐ.நா.வில் சேர்ந்துவிட்டது. தலையை எண்ணி என்ன பயன்? வெளியுறவில் தன் கையெழுத்துப் போதுமா, இன்னொருவன் அனுமதி வேண்டுமா என்று பார்க்க வேண்டும். திருவிதாங்கூருக்கு அனுமதி வேண்டியிருந்தது. நூற்றைம்பது ஆண்டுகளாக.

வெள்ளையன் போனதும் சுதந்திரம் என்று திவான் சர் சி.பி. 1947 ஜூன் 11-இல் அறிவித்தார். குடிகளைக் கேட்கவில்லை. ஜூலை 25-இல் அவரை வெட்டிய கே.சி.எஸ். மணி டெல்லி அனுப்பிய ஆள் அல்ல. உள்ளூர் சோஷலிஸ்ட் இளைஞர். ஐந்தே நாளில் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். வெட்டுவது அரசியல் ஆகாது, சரி. ஆனால் அந்த ‘நாட்டை’க் காக்க ஒரு தெருவாவது திரண்டதா?

செங்கோட்டை நாட்டை இழந்த கதைக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் குண்டுக்குப் பலியானவர்கள், செங்கோட்டை உள்ளிட்ட தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லித்தான் தெருவில் இறங்கினார்கள். அவர்களிடமிருந்து பறிபோன நாடு எது என்று அடுத்த கட்டுரையில் அவரே விளக்கட்டும்.